வேகாத கரையும் வெந்த கல்லும்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மலை கிடையாது. இராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று ஒன்று உண்டு. பர்வதமெல்லாம் பெயரோடு சரி, ஏறிப் பார்த்தால் மணல்மேடு. தொண்டியிலிருந்து மண்டபம் வரை நடந்து, அங்கிருந்து திரும்பிக் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று போய்க்கொண்டே இருந்தாலும் காலில் படுவது மணல், களிமண், கடல் கட்டிவைத்த சுண்ணாம்புக் கல் ஆகியவைதான். ஆனால் எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசற்படி கருங்கல். கொல்லையில் துணி துவைக்கிற கல் கருங்கல். அம்மி, ஆட்டுக்கல், உரல், ஊருணிப் படித்துறை, கோயில் தூண், கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் தூண் எல்லாமே வெளியூர்க் கல். வண்டியிலும் தோணியிலும் பிற்பாடு லாரியிலும் வந்து இறங்கி, இங்கேயே குடியேறிவிட்ட கற்கள்.

கல்லூரியில் நிலவியல் படித்துவிட்டுச் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டவன் நான். "பாறையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு என்ன படிப்பு இது தம்பி?" என்று கேட்காத உறவினர் இல்லை. இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். உருமாறிய பாறை என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இதைவிட வசதியான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஏனென்றால் மூலப்பொருள் அத்தனையும் இங்கே வேகாமல் பச்சையாகக் கிடக்கிறது. வெந்து முடிந்த சரக்கு வீட்டு வாசலில் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடந்ததை யோசித்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

மூலப்பொருள் மூன்று. ஒன்று, கண்மாய்க் களிமண். வைகை தன் கடைசித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வேண்டிய மட்டும் இருக்கிறது. இரண்டு, கடற்கரை மணல். மூன்று, பவளக்கல். பாம்பன், இராமேசுவரம் பக்கம் பழைய வீட்டுச் சுவரில் சுண்ணச்சாந்து உதிர்ந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால், பவள உயிர்கள் குடியிருந்த அறைகள் சின்னச் சின்ன நட்சத்திரங்களாக இன்னும் தெரியும். தனுஷ்கோடி இடிபாடுகளின் சுவர்களிலும் அதே கல்தான். இந்தக் கரையோரத்துப் பழைய பவளத் திட்டுகளின் வயது சில ஆயிரம் ஆண்டுகள். கல்லின் கணக்கில் பச்சிளம் குழந்தை. (இப்போது கடலில் பவளம் வெட்டினால் சிறைதான். 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்கு முன்பு வெட்டி எடுத்த வேகத்தில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்கடியில் போய்விட்டன.)

இந்த மூன்றையும் அப்படியே பூமிக்குள் இறக்குவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உருமாற்றம் என்றவுடன் பலரும் பாறை உருகி வேறொன்றாகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உருகினால் அது தீப்பாறைக் கணக்கில், அதாவது குழம்பு ஆறி இறுகிய கல்லின் கணக்கில், போய்விடும். உருமாற்றம் முழுக்கத் திட நிலையில் நடப்பது. கல் கல்லாகவே இருக்கிறது. உள்ளே இருக்கும் கனிமங்கள் மட்டும் பழைய கட்டமைப்பைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்கின்றன. ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் சூடு சுமார் 25 முதல் 30 டிகிரி வரை ஏறும். 150, 200 டிகிரி செல்சியஸ் ஆகும்போது மாற்றம் தொடங்குகிறது. பத்து கிலோமீட்டர் ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் எடை, நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 2,700 மடங்கு. நீரும் கரியமில வாயுவும் வெளியேறுவதைத் தவிர, பாறையில் இருக்கும் பொருள் பெரிதாக மாறுவதில்லை. அதே சரக்கு, வேறு அடுக்கு. இத்தகைய பாறைகளுக்குத் தனிப் பெயர் கொடுத்துத் தனி இனமாக 1833-இல் பிரித்தவர் நிலவியலாளர் சார்லஸ் லயல்.

இனி களிமண்ணைக் கவனிப்போம். மூன்றில் நிறையக் கதை இருப்பது அதில்தான்.

களிமண் முதலில் நீரை இழந்து இறுகுகிறது. இது வெறும் படிவுப்பாறைதான், உருமாற்றம் இல்லை. அதற்கும் கீழே போகும்போது, இரண்டு நிலத்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும் இடமாக இருந்தால், மேலிருந்து அமுக்கும் எடையோடு பக்கவாட்டு நெருக்கலும் சேர்ந்துகொள்கிறது. களிமண் கனிமங்கள் சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் மைக்கா, குளோரைட் முதலிய தகட்டுக் கனிமங்கள் முளைக்கின்றன. மைக்கா என்பது வேறொன்றும் இல்லை, சிறுவயதில் காக்காப்பொன் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டோமே அதுதான். இந்தத் தகடுகள் கண்டபடி முளைப்பதில்லை. நெருக்கும் திசைக்குக் குறுக்கே படுத்துக்கொள்கின்றன. பாம்பன் கரையில் காரல் மீனைக் கூடையில் அள்ளிக் கொட்டி மேலே கையை வைத்து அமுக்கிப் பாருங்கள். நின்றது, சாய்ந்தது எல்லாம் தட்டையாகப் படுத்து, வெள்ளி வெள்ளியாக அடுக்கிவிடும். உவமை ஓரளவுக்குத்தான் ஓடும். காரல் முதலிலேயே தட்டையாகப் பிறந்த மீன். பாறையிலோ பாதித் தகடுகள் திரும்பிப் படுக்கின்றன, மீதிப் பாதி அமுக்கத்துக்கு வசதியான திசையிலேயே புதிதாக வளர்கின்றன.

இப்படி வந்த முதல் கல்தான் சிலேட். நாம் பலப்பத்தால் எழுதிய அதே சிலேட். ஆந்திரத்தின் மார்க்காபூர்ப் பக்கத்திலிருந்து வந்த கல் சிலேட்டுகள் தகர சிலேட்டுகளுக்கு முன்னால் நாடெங்கும் போயின. விரலால் சுண்டினால் கணீர் என்று ஒலிக்கும். அதைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு இன்றும் வியப்பு. அது பிளக்கிற திசை, பழைய சேறு படிந்த திசை அல்ல. சில சிலேட்டுகளில் மங்கலாக ஒரு நிறக் கோடு குறுக்கே சாய்வாக ஓடும். அந்தக் கோடுதான் ஒருகாலத்துச் சேற்றின் அடுக்கு. கல் அந்தக் கோட்டில் பிளக்காது. நெருக்கல் சொன்ன திசையில்தான் பிளக்கும். பிறந்த ஊரின் அடையாளம் ஒரு திசையில், பட்ட அடியின் அடையாளம் இன்னொரு திசையில். பாறையின் இழைமம் என்று நாங்கள் சொல்வது இந்த இரண்டாவது அடையாளத்தைத்தான்: கனிம மணிகள் எவ்வளவு பெரியவை, எந்தத் திசையில் கிடக்கின்றன, ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்பது.

இன்னும் கொஞ்சம் சூடு ஏறினால் தகடுகள் பெரிதாகின்றன. கல்லின் முகத்தில் பட்டுத்துணியின் மினுக்கம் வருகிறது; அது ஃபில்லைட். இன்னும் ஏறினால் மைக்காத் தகடு வெறுங்கண்ணுக்கே தெரியும்; நகத்தால் கிள்ளினால் செதில் வரும்; அது சிஸ்ட். அதற்கும் மேலே, 600 டிகிரியை ஒட்டிய சூட்டில், கனிமங்கள் ஜாதி பிரிந்து கூடத் தொடங்குகின்றன. வெளுத்த குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் ஒரு பட்டையில், கறுத்த மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் அடுத்த பட்டையில். அது நைஸ். மதுரைக்கு அப்பால் மேலூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சாலையோரத்துப் பாறைகளில் கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாகத் தெரிகிறதே, அந்த ஜாதி. (நைஸ் களிமண்ணிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. கிரானைட்டை நெருக்கினாலும் நைஸ்தான்.)

பள்ளிப் புத்தகங்களோடு எனக்கு இங்கே ஒரு சண்டை உண்டு. கிரானைட் நைஸ் ஆகும், சுண்ணாம்புக்கல் சலவைக்கல் ஆகும், மணற்கல் குவார்ட்சைட் ஆகும் என்று ஜோடி ஜோடியாகக் கல்யாணம் செய்துவைத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பிள்ளைகளும் ஜோடியை மாற்றாமல் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஒரே களிமண் எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு காலம் அங்கே இருந்தது என்பதைப் பொறுத்து நான்கு பெயர்களில் வெளியே வரும் என்பதுதான் பாடத்தின் சாரம். அது எங்கேயோ விழுந்துவிடுகிறது.

அந்தச் சாரத்தை முதலில் நிலத்தின் மேல் அளந்து காட்டியவர் நிலவியலாளர் ஜார்ஜ் பாரோ. ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரே வகைக் களிமண் பாறையைத் தொடர்ந்து நடந்துகொண்டே போனார். போகப்போகப் புதுப் புதுக் கனிமம் முளைத்தது: முதலில் குளோரைட், பிறகு பயோட்டைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், கடைசியில் சிலிமனைட். ஒவ்வொன்றும் ஒரு சூட்டுக்கு அடையாளம். பூமிக்குள் வெப்பமானியை விட முடியாது, கனிமமே வெப்பமானி. அதை அவர் முதலில் எழுதியது 1893-இல். அதே 1893-இல் கல்கத்தாவில் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் ஒரு கல்லறைக் கல்லை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கல்லைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கனிமங்களில் எனக்குப் பிடித்தது கார்னெட். மைக்காத் தகடுகள் எல்லாம் ஒழுங்காகப் படுத்திருக்கும் சிஸ்டுக்குள் இது மட்டும் உருண்டையாக, பன்னிரண்டு முகப் பிடிவாதத்தோடு வளரும். தன் சுற்றுப்புறத்தை விழுங்கிக்கொண்டே வளர்வதால், தான் வளர்ந்த காலத்து அடுக்குகளின் துணுக்குகள் அதற்குள் சிறைப்பட்டிருக்கும். சுற்றிலும் பாறை நழுவிக்கொண்டே இருந்தால் கார்னெட் உருண்டுகொண்டே வளரும். குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே அந்தத் துணுக்குகள் சுருளாக ஓடுவது தெரியும். எத்தனை டிகிரி திருகியது என்று கூட அளந்துவிடலாம்.

சரி, நைஸுக்கும் கீழே போனால்? வரி இன்னும் அழுத்தமாகும், அடுக்கு இன்னும் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு.

மைக்காவின் உடலில் நீர் இருக்கிறது; ஹார்ன்பிளெண்டிலும் இருக்கிறது. 700 டிகிரிக்கு மேல் அந்த நீர் பிடிகொடாமல் கழன்றுவிடுகிறது. போகிற போக்கில் பாறையின் ஒரு பகுதியை உருக்கி, அந்த உருகலோடு மேலேறிவிடுகிறது. எஞ்சுவது வறண்ட பாறை. அதில் படுத்துக்கொள்ளத் தகடே இல்லை. மைக்கா இருந்த இடத்தில் பைராக்சீனும் கார்னெட்டும் உட்கார்ந்துகொள்கின்றன. எல்லாம் உருட்டு உருட்டான மணிகள், ஒன்றின் விளிம்பில் ஒன்று பொருந்தி, இடைவெளியே இல்லாமல். வரிகள் மங்கிவிடுகின்றன, சில இடங்களில் தேடினாலும் கிடைக்காது. இந்தப் பாறைக்கு கிரானுலைட் என்று பெயர். சிலேட்டில் நுணுக்கமாகத் தொடங்கி, சிஸ்டில் பளபளத்து, நைஸில் பட்டை கட்டிய ஒழுங்கு, உச்சச் சூட்டில் கலைந்து போகிறது.

இந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற பிள்ளை சார்னோக்கைட். கல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை மேல் கிடந்த பலகைக் கல்தான் ஹாலண்ட் ஆராய்ந்த கல். அது சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரம் பாறையைச் சேர்ந்த ஜாதி என்று கண்டு, இறந்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். அது தீப்பாறையா, உருமாறியதா என்று நூறாண்டுக்கு மேலாக அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு வழியிலும் வரும் என்பதுதான் இப்போது பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது. தமிழ்நாட்டு மலைகளில் பெரும்பகுதி இந்தக் கல்லும் இதன் உறவுக் கற்களும்தான். வைகை பிறக்கும் வருசநாட்டு மலையும் சரி, மேகமலையும் சரி. கொடைக்கானல் மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டிப் பக்கத்துப் பாறைகள் 900 டிகிரியைத் தாண்டிய சூட்டைப் பார்த்தவை. அங்கே கிடைக்கும் சஃபிரின் என்கிற நீலச் சாயல் கனிமத்துக்காக வெளிநாட்டு ஆய்வாளர்கள் கூடத் தேடி வருகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது வழக்கமான ஜல்லிக் கல்தான்.

எங்கள் வீட்டு வாசற்படி இந்த ஜாதிக் கல். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, வெறும் கருங்கல். அதிகாலையில் வாசல் தெளித்த ஈரத்தோடு, குனிந்து பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். எண்ணெய் பூசியது போன்ற கரும்பச்சைப் பரப்பு. அதில் ஃபெல்ஸ்பார் பச்சை கலந்த பழுப்பாக இருக்கிறது. குவார்ட்ஸ் வழக்கமான வெள்ளையாக இல்லாமல் புகை படிந்த நீலமாக இருக்கிறது. இடையிடையே வெண்கல மினுக்கத்தோடு பைராக்சீன். ஓர் ஓரத்தில் மட்டும் ஒயின் நிறத்தில் கார்னெட் மணிகள் கூட்டமாகக் கிடக்கின்றன. மணிகள் சந்திக்கும் இடங்களில் மூன்று மூன்றாகச் சேர்ந்து, ஏறத்தாழ 120 டிகிரிக் கோணத்தில் பிரிகின்றன. நெடுங்காலம் சூட்டில் அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்த மணிகள்தான் விளிம்பை இப்படிச் சமாதானமாகப் பங்கிட்டுக்கொள்ளும். அந்தப் படியில் தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டு நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது. குழிவு முழுக்க ஒரே சீர். எங்கும் செதில் கிளம்பவில்லை.

அம்மிக்கு இந்தக் கல்லையோ, இதுபோல் மணிகள் கோத்த டோலரைட் முதலிய கருங்கல்லையோ தேர்ந்தெடுத்தவர்கள் கனிமவியல் படித்தவர்கள் அல்லர். அம்மி கொத்த எங்கள் தெருவுக்கு வரும் அம்மாள், உளியை வைப்பதற்கு முன் கல்லை ஒருமுறை தட்டிப்பார்ப்பார். "பாளம் பாளமாகப் போகிற கல் வேண்டாம் தம்பி. கொத்தினால் புள்ளி நிற்க வேண்டும்" என்பது அவர் சொன்னது. புள்ளி நிற்பதற்கு எல்லாத் திசையிலும் ஒரே உறுதி வேண்டும். சிஸ்டில் அம்மி செய்திருந்தால் தேங்காய்த் துவையலில் காக்காப்பொன் மின்னும்.

இங்கே சமையலறையின் இன்னொரு கல்லையும் சொல்லிவிடலாம். புளிக்குழம்புக்கு அப்பத்தா வைத்திருந்த கல்சட்டி, மாக்கல்லில் குடைந்தது. அதுவும் உருமாறிய பாறைதான். டால்க் என்னும் வழவழப்புக் கனிமம் நிறைந்தது. நகம் பட்டாலே கீறும் கல் எப்படி அடுப்பில் வெடிக்காமல் நிற்கிறது என்றால், நிதானமாகச் சூடேறி நிதானமாக ஆறும் குணம் அதற்கு உண்டு. உருமாறிய கல் என்றாலே கடினமான கல் என்று எழுதுபவர்களிடம் ஒரு கல்சட்டியை நீட்டலாம்.

இப்போது பவளக்கல். அது கால்சியம் கார்பனேட். பவள உயிர் கட்டுவது அராகனைட் என்னும் வடிவில். காலப்போக்கில் அது கால்சைட்டாக மாறுகிறது. ஆழத்தில் சூடு ஏறும்போது கால்சைட் மணிகள் ஒன்றையொன்று தின்று பெரிதாகின்றன. முதலில் நட்சத்திர அறைகள் மங்கும்; பிறகு சிப்பித் துண்டுகள் மறையும்; கடைசியில் உயிர் வாழ்ந்த தடயமே இல்லாமல், சர்க்கரைக் கட்டி நிறத்தில் கோத்த மணிகள் மட்டும் மிஞ்சும். அது சலவைக்கல். கால்சைட் தகட்டுக் கனிமம் அல்ல என்பதால், எவ்வளவு நெருக்கினாலும் சுத்தமான சலவைக்கல்லில் சிலேட் போன்ற பிளவு வராது. சலவைக்கல்லில் நாம் ரசிக்கிற கோடுகள் எல்லாம் பழைய சுண்ணாம்புச் சேற்றில் கலந்திருந்த அழுக்கு: களிமண், இரும்பு, கரி.

சலவைக்கல் என்றால் ராஜஸ்தான்தான் என்று எண்ண வேண்டாம். அருப்புக்கோட்டைக்கு அப்பால் பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்காக வெட்டுகிறார்களே, அது படிக உருவான சுண்ணாம்புக்கல், இலக்கணப்படி சலவைக்கல்லேதான். உடைத்த துண்டை வெயிலில் திருப்பினால் மணிகளின் முகங்கள் பளிச் பளிச்சென்று அடிக்கும். அது கடலடியில் படிந்தது என்று அங்கே நின்றுகொண்டு சொன்னால் சிரிப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசலும் கருவேலமும்தான். பாம்பன் கல் ஒரு துண்டையும் பந்தல்குடிக் கல் ஒரு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டின் மேலும் நீர்த்த அமிலம் சொட்டினால், இரண்டும் ஒரே மாதிரி நுரைக்கின்றன. பொருள் ஒன்று, இழைமம் மட்டும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது.

மணலின் கதை சுருக்கமானது, ஆனால் இந்தக் கரையில் ஒரு திருப்பம் உண்டு. சுத்தமான குவார்ட்ஸ் மணல் மணற்கல்லாகி, பிறகு வெந்தால் குவார்ட்சைட். மணற்கல்லை உடைத்தால் மணிகளைச் சுற்றிக்கொண்டு உடையும்; குவார்ட்சைட்டை உடைத்தால் மணிகளின் நடுவே வெட்டிக்கொண்டு போகும். அவ்வளவு பற்று. ஆனால் மண்டபத்திலும் வாலிநோக்கத்திலும் அலையோரம் பலகை பலகையாகக் கிடக்கும் கடற்கரைக் கல்லில், மணலைப் பிணைத்திருப்பது சிப்பிச் சுண்ணாம்பு. அதை ஆழத்தில் வேகவைத்தால் குவார்ட்சைட் வராது. குவார்ட்ஸும் கால்சைட்டும் வினைபுரிந்து, கரியமில வாயுவை வெளியே துரத்திவிட்டு, வோலஸ்டோனைட் என்கிற வெள்ளைக் கனிமமாகும். ஊசி ஊசியாக, நார்க்கட்டாக வளரும். கூடவே களிமண்ணும் இருந்திருந்தால் கார்னெட்டும் டையாப்சைடும் வரும். பச்சையும் சிவப்புமாக அழகான கல். இப்படிப்பட்ட கற்கள் மதுரை வட்டாரத்தில் சலவைக்கல் பட்டைகளின் ஓரங்களில் இருக்கின்றன. ஏதோ ஒரு காலத்தில் வாலிநோக்கம் போன்ற ஒரு கரை அங்கே இருந்திருக்க வேண்டும்.

நெருக்கல் இல்லாமல் வெறும் சூடு மட்டும் பட்டால், அதாவது பக்கத்தில் தீக்குழம்பு வந்து புகுந்தால், ஹார்ன்ஃபெல்ஸ் என்று ஒரு கல் வரும். எந்தத் திசையும் இல்லாத, கொம்பு போல் கெட்டியான, நுண்மணிக் கல். பார்க்கச் சலிப்பூட்டும். விட்டுவிடுகிறேன்.

கடைக்காரர்கள் இந்தப் பெயர்களில் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெருகேறும் கடினக் கல் எல்லாமே அவர்களுக்குக் கிரானைட். காஷ்மீர் ஒயிட் என்று விற்கிற கல் காஷ்மீரிலிருந்தும் வரவில்லை, கிரானைட்டும் இல்லை. மதுரைப் பக்கத்து உருமாறிய பாறை. வெள்ளைப் பரப்பில் இருக்கும் சிவப்புப் புள்ளிகளைக் கல்லின் குறை என்று சொல்லி விலை பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை கார்னெட்.

அந்தக் கார்னெட்டை விலை கொடுக்காமலே பார்க்கலாம். ஆடி மாதக் கச்சான் காற்று அடித்து ஓய்ந்த பிறகு வாலிநோக்கம் கரைக்குப் போங்கள். அலை ஏறி இறங்கிய விளிம்பில் மணல் சில இடங்களில் கறுத்தும், சில இடங்களில் குங்குமம் தூவியது போலவும் இருக்கும். ஒரு பிடி அள்ளி வெள்ளைக் காகிதத்தில் பரப்பினால், சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், நிறமற்ற பளபளப்பில் ஜிர்கான். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் கறுப்பில் சில மட்டும் துள்ளி ஒட்டிக்கொள்ளும், அது மேக்னடைட். சிவப்பு அசையாது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கார்னெட்டுக்குச் சுமார் 4, இல்மனைட்டுக்கு அதற்கும் மேல். லேசானதை அலை இழுத்துக்கொண்டு கனமானதை விட்டுப்போகிறது. மேற்கே உள்ள மலைகளின் கிரானுலைட்டும் நைஸும் சிதைந்து, ஆறுகள் கடலுக்குக் கொண்டுவந்து, கடல் கரையோரமாக நகர்த்திப் போட்ட சரக்கு இது. வைகை 258 கிலோமீட்டர் ஓடி ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் நீரிணைப் பக்கம் கலக்கிறது. வெள்ளம் வந்த வருடங்களில் மட்டும்.

ஆக, வேகாத கரை என்று தலைப்பில் எழுதியது பாதி உண்மை. கரை வேகவில்லை, மணியில் பல ஏற்கெனவே ஒருமுறை வெந்தவை. 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் கோண்ட்வானா என்னும் பெருங்கண்டமாகக் கூடி நெருக்கிய காலத்தில், இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது. மேலே இருந்த அத்தனை பாறையும் தேய்ந்து போன பிறகுதான் அது வெளியே தலைகாட்டியது. இந்தச் சிவப்பு மணியைக் கையில் வைத்துக்கொண்டு தனுஷ்கோடி முனையில் நின்றால், எதிரே சுமார் முப்பது கிலோமீட்டரில் தலைமன்னார். அங்கேயும் கரையில் மணலும் சுண்ணாம்புக்கல்லும்தான். ஆனால் தீவின் உள்ளே போனால் அதே சார்னோக்கைட், அதே கார்னெட் நைஸ். இரத்தினபுரியின் நீலக்கற்கள் பிறந்ததும் அந்த வெந்த பாறைகளில்தான். நடுவே உள்ள கடலும் பவளமும் சேதுவும் நேற்று வந்தவை.

நம் காலடியிலும் அந்தப் பாறை இருக்கிறது, வெகு ஆழத்தில். வழுதூர் மின்நிலையத்துக்கு எரிவாயு தரும் கிணறுகள் போவது கிலோமீட்டர் கணக்கில் குவிந்த படிவுகளுக்குள். அந்தப் படிவுகளுக்கெல்லாம் அடியில் தரைதட்டும் பாறை பழைய நைஸ் குடும்பம்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று கேட்டால், உப்புக்காற்றில் வீடு கட்டுகிறவர்களுக்குப் பயன் உண்டு. கடல் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் நுழையும். காயும்போது படிகமாகி உள்ளிருந்து நெம்பும். பவளக்கல் துளைகள் நிறைந்தது, ஆகவே சாந்து பூசாமல் விட்டால் உதிரும். மணி கோத்த சார்னோக்கைட்டில் உப்பு நுழைய இடமே குறைவு. நைஸ் நடுவில். அதன் மைக்காப் பட்டைகள்தான் உப்புக்கு வாசல். பட்டை படுத்திருக்கும்படி கல்லைப் பதித்தால் மேலே உள்ள எடையே அதை மூடி வைக்கும். பட்டையை நிறுத்தி, அதன் அகன்ற முகம் காற்றைப் பார்க்கும்படி வைத்தால், ஏடு ஏடாகக் கழன்று வரும்.

எதிர்வீட்டு அண்ணன் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு லாரி வரிக்கல் இறக்கினார். படிக்கும் முகப்புத் தூணுக்கும். இதைத்தான் அவரிடம் சொன்னேன்: படிக்கு வரிக்கல்லைப் படுக்கப் போடுங்கள், தூணுக்கு மட்டும் வரியில்லாத கருங்கல் வாங்குங்கள். கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. "படுக்கப் போட்டால் வரி யார் கண்ணில் படும் சார்? இவ்வளவு காசு கொடுத்து வாங்கியதே வரிக்காகத்தானே?" நியாயமான கேள்விதான். படிகள் நான் சொன்னபடி அமைந்தன, தூண்கள் அவர் சொன்னபடி. தெற்குத் தூணின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் செதில் கிளம்பத் தொடங்கியிருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அண்ணன் அதன் மேலும் இரண்டு கோட் அடித்துவிட்டார்.